ஏழு பேர் என்றால் கூட்டமாம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. கடலும் கப்பலும் நீங்களும் ஒருவரோடொருவர் சண்டை சச்சரவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதல் வரியிலேயே பொய் சொல்ல மனசு வரவில்லை. உடம்பு சுகம். மனசு கொதிக்கிறது. அதற்குப் பாதிக் காரணம் அந்த விடுமுறை விடுதிக்காரர்கள். மீதிப் பாதி நீங்கள்.

தப்பாக நினைக்கக் கூடாது. நல்ல மனசோடுதான் அந்தப் பங்கை வாங்கினீர்கள். கடைத்தெருவில் சிரித்த முகத்துக்காரன் எவனோ உங்கள் கையில் குளிர்பானத்தைத் திணித்து, நாற்காலியில் உட்காரவைத்து, ஏரிக்கரைப் படங்களாகக் காட்டி, "வருஷத்துல ஒரு வாரம் இந்த வீடு உங்களோடது சார், ஆயுசுக்கும் உங்களோடது, குடும்பத்தோட வாங்க" என்றான். நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். அண்ணன் தம்பிகள் வீட்டை அறை அறையாகப் பங்கு போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே வீட்டை வாரம் வாரமாக நறுக்கி ஐம்பது பேருக்கு விற்பதை உங்கள் புண்ணியத்தில்தான் பார்த்தேன். அப்போது நீங்கள் வீட்டில் மூன்றே பேர். சிட்டுவின் அம்மா காலமான பிறகு, நீங்கள் மறுபடி கப்பலேறும்போது, மகளையும் இந்தப் பங்கையும் சேர்த்து எங்களிடம் விட்டுவிட்டு, "நீங்களாவது போய்ட்டு வாங்க மாப்பிள்ளை" என்றீர்கள். மகளைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. பங்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஆபீஸ் வேனை முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவனின் வேன் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் கம்பிவடச் சுருள், கிரீஸ் டப்பா, எண்ணெய்த் துணி, அதற்கு நடுவில் நம் குடும்பம். மூத்தவன் தன் நீண்ட கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரட்டையரின் மடியில் வைத்திருந்தான். இரட்டையர் அந்தக் கால்களின்மேல் பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் நாம் வக்கீல் என்று கூப்பிடும் நடுப்பெண், ஜன்னலோரம் யாருக்கு என்று வழி முழுக்க வாதாடி, தானே தீர்ப்பும் சொல்லி, தானே அங்கே உட்கார்ந்தாள். உங்கள் சிட்டு கருவிப் பெட்டியின்மேல் ஒடுங்கி உட்கார்ந்து, "எனக்கு இது வசதியா இருக்கு மாமா" என்றாள். அவள் எதையும் வசதியாக இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. பதிமூன்று வயதுப் பிள்ளை சாப்பிட உட்காரும்போதுகூட, "உட்காரலாமா அத்தை" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரும்.

விடுதி வாசலில் பளிங்குத் தரை, ஆளுயரப் பூச்சாடி, தண்ணீர் விழுகிற செயற்கைப் பாறை என்று எல்லாம் பிரமாதமாகத்தான் இருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் எழுந்து நின்று புன்னகைத்தாள். ஆனால் வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி உள்ளே வரவர, அவள் புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியதை நான் கவனித்தேன். இரட்டையரில் இரண்டாவது ஆள் வந்து நின்றபோது அது சுத்தமாக நின்றுவிட்டது.

"மொத்தம் எத்தனை பேர் சார்?"

"பார்த்தாலே தெரியுதேம்மா. ஏழு."

"உங்க வீட்ல ஆறு பேர்தான் சார் தங்கலாம்."

"குடும்பம் எவ்வளவு பெரிசா இருக்கணும்னு வீடாம்மா முடிவு பண்ணும்?"

"விதி சார்."

"சரி, இந்த ரெண்டையும் பாருங்க. நாலு வயசு. ரெண்டும் சேர்ந்தாலும் ஒரு ஆள் எடை வராது."

"எடை இல்ல சார், தலைக்கணக்கு."

"தலையும் சின்னதுதானேம்மா!"

இந்த இடத்தில் நம் வக்கீல் முன்னால் வந்து, "ஆறு பேர்தான்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க பார்க்கலாம்" என்று மேசையில் தட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெண் ஒரு தாளை எடுத்து நீட்டினாள். வக்கீல் அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "அப்பா, எழுதியிருக்கு" என்று சொல்லி எதிர்க்கட்சிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். பெற்று வளர்த்தது இதற்குத்தான் மச்சான்!

பிறகுதான் அது நடந்தது. அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் கேட்டாள் என்று சொல்ல மாட்டேன். பேனாவை எடுத்துக்கொண்டு, காய்கறிக் கூடையைப் பார்க்கிற மாதிரி எங்களை வரிசையாகப் பார்த்து, "அப்ப இதுல கூடுதல் ஆள் யாரு சார்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் சிட்டு, வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குகிற மாதிரி கையைத் தூக்கினாள்.

"நான்தான்க்கா. நான் இவங்க வீட்டுப் பொண்ணு இல்ல." என் பக்கம் திரும்பி, "நான் வேன்ல படுத்துக்கிறேன் மாமா. எனக்கு அந்த வேன் ரொம்பப் பிடிக்கும்."

மச்சான், அந்த வேன் யாருக்கும் பிடிக்காது. அதை வாங்கிய முதலாளிக்கே பிடிக்காது. உங்கள் தங்கை சிட்டுவின் தூக்கிய கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள், இறக்கிய கையை விடவில்லை. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அந்தப் பளிங்கு மண்டபம் அதிர, "எழுதிக்கோங்கம்மா! இந்தக் குடும்பத்துல கூடுதல் ஆள் நான்தான்! தலைவரே கூடுதல்!" என்று கத்தினேன். "அது உண்மைதான்" என்று உங்கள் தங்கை மெதுவாகச் சொன்னதும் என் காதில் விழுந்தது; அதற்கு வேறொரு நாள் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். கழுத்துப்பட்டை கட்டிய, மெதுவாகப் பேசுகிற மனிதர். இப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குச் சண்டை போட வராது. தீப்பிடித்தால் எத்தனை பேரை எத்தனை நேரத்தில் வெளியேற்ற முடியும் என்பதை வைத்துத்தான் இந்த எண்ணிக்கை என்று பொறுமையாக விளக்கினார். விளக்கிவிட்டு, "சார் என்ன தொழில் பண்றீங்க?" என்றார். லிஃப்ட் மெக்கானிக் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, "அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாமே சார்!" என்றார். லிஃப்டுக்குள் 'ஆறு பேர் மட்டும்' என்று தகடு அடித்து மாட்டுகிற கை இது. ஏழாவதாக ஏற வந்தவர்களை எத்தனையோ முறை நானே இறக்கிவிட்டிருக்கிறேன். ஆனால் லிஃப்ட் வேறு, வீடு வேறு இல்லையா மச்சான்? லிஃப்டிலிருந்து இறக்கிவிட்ட ஆள் அடுத்த லிஃப்டில் வருவான். வீட்டிலிருந்து இறக்கிவிட்ட ஆள் எதில் வருவான்? இதை அவரிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது.

மூட்டைகளை மேலே தூக்கிக்கொண்டு போனேன். மூன்றாவது மாடி. உள்ளே போய்ப் பார்த்தவனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாற்காலிகள் எட்டு! அலமாரியில் தட்டு எட்டு, கோப்பை எட்டு, கரண்டி எட்டு! இரண்டு படுக்கையறை, கூடத்தில் இழுத்தால் கட்டிலாகிற சோபா, ஒரு எருமை கால் நீட்டிப் படுக்கிற அளவுக்குக் குளியல் தொட்டி. எட்டு பேருக்குச் சோறு போடுவார்களாம், ஆறு பேருக்குத்தான் தூக்கமாம். மிச்ச இரண்டு பேர் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் குதிக்க வேண்டும் போலிருக்கிறது. இரட்டையர் அந்தக் குளியல் தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, அதுதான் தங்கள் அறை என்று அறிவித்துவிட்டார்கள். கதவைச் சாத்தவும் சொன்னார்கள்.

தங்கும் ஆறு பேருக்கும் கையில் நீல வளையம் கட்டினார்கள். எனக்குக் கழுத்தில் 'பார்வையாளர்' என்று ஒரு அட்டையை மாட்டினார்கள். பகல் முழுக்க இருக்கலாம், இருட்டுவதற்குள் வெளியே போய்விட வேண்டும். ராத்திரிப் படுக்கை எனக்கு வேனில். மறுநாள் காலையில் முகம் கழுவ மேலே போகப் போனால் காவலாளி மறிக்கிறார்.

"யாரைப் பார்க்கணும்?"

"என் பெண்டாட்டிய."

"அவங்களுக்குத் தெரியுமா நீங்க வர்றது?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து தெரியும்யா!"

அவர் சிரிக்கவில்லை. மேலே போன் போட்டுக் கேட்டார். உங்கள் தங்கை என்ன சொன்னாள் தெரியுமா? "பத்து நிமிஷம் கழிச்சு அனுப்புங்க, வீடு பெருக்கிட்டு இருக்கேன்" என்றாளாம். நான் அந்தச் செயற்கைப் பாறைக்குப் பக்கத்தில், கழுத்தில் அட்டையோடு, பல்பொடி டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். போகிற வருகிறவர்கள் என்னிடம் நீச்சல் குளத்துக்கு வழி கேட்டார்கள்.

என் அவமானத்தை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன் மச்சான். முதுகில் கம்பிவடச் சுருள் குத்தக் குத்த வேனில் படுத்ததையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது சிட்டுவின் நடவடிக்கை. அந்தப் பிள்ளை ஒரு ஆளாக இருப்பதையே குறைத்துக்கொள்ளப் பார்த்தது. கட்டிலில் ஓரத்திலும் ஓரமாகப் படுத்தாள். ரொட்டியில் பாதியைப் பிய்த்து வைத்தாள். மற்றவர்கள் குளத்தில் குதித்துக் கும்மாளம் போடும்போது கரையில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். மத்தியானம் நான் வேன் பக்கம் இருந்தபோது தன் பையோடு வந்து நின்றாள்.

"மாமா, இங்கேருந்து நம்ம ஊருக்கு பஸ் எப்ப?"

"பஸ் எதுக்கு?"

"நான் போய்ட்டா நீங்க மேல தங்கலாம்ல. வீட்டைப் பூட்டிக்கிட்டு நான் இருந்துப்பேன். எனக்குப் பயமெல்லாம் இல்ல."

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள் மச்சான். துணியெல்லாம் மடித்து வைத்து, ஜிப் போட்டு. நான் நல்லபடியாக நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அதெல்லாம் வராது. "பஸ்ஸாவது கிஸ்ஸாவது! மேல போ! இன்னிக்கு ஏழு பேரும் ஒரே வீட்லதான் படுக்கிறோம்!" என்று கத்தத்தான் வந்தது. அவள் பயந்துபோய்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கத்தியாகிவிட்டது, செய்து காட்ட வேண்டுமே! முன்வாசல் வழியாகப் போனால் காவலாளி தலை எண்ணுவார். கட்டடத்துக்குப் பின்னால், அழுக்குத் துணி ஏற்றி இறக்குகிற லிஃப்ட் ஒன்று இருப்பதை வந்த அன்றே பார்த்து வைத்திருந்தேன், தொழில் புத்தி. ஏரியில் குளித்துவிட்டு வருகிற சாக்கில் எல்லோரையும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். நான் நடுவில், என்னைச் சுற்றிலும் குடும்பம், மூத்தவன் தோளில் வேனிலிருந்து எடுத்த மெத்தைச் சுருள், இரட்டையர் கையில் காற்றடைத்த முதலை. பாரம் குறையட்டும் என்று கருவிப் பெட்டியை வேனிலேயே வைத்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பெட்டியில்லாமல் ஒரு லிஃப்டில் நான் ஏறியது கிடையாது.

கதவு திறந்ததும் சிட்டு தகட்டைப் பார்த்தாள். "ஆறு பேர்னு போட்டிருக்கு மாமா. நான் படியில வர்றேன்."

"ஏறு."

"மாமா, மெத்தை வேற இருக்கு…"

"ஏறுன்னா ஏறு! இனிமே இந்த வீட்ல யாரும் தனியா படியில வரக் கூடாது!"

ஏறினாள். பாரம் மிஞ்சினால் அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. அது எத்தனை நாளாகப் பழுதோ, அது அவர்கள் குற்றம். லிஃப்ட் முனகிக்கொண்டே ஒரு மாடி ஏறியது, இரண்டாவது மாடியைத் தாண்டியது, பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. விளக்கு மங்கியது. இரட்டையர் கைதட்டினார்கள். வக்கீல், "ஆறு பேர்னு தகடு போட்டிருந்ததை இவர் பார்த்தார்ங்கிறதுக்கு நாங்க எல்லாரும் சாட்சி" என்றாள். உங்கள் தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று கூடப் பிறந்த உங்களுக்குத் தெரியும். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் சரிபண்ணுகிறவன் பெட்டியில்லாமல், முதலையைக் கட்டிக்கொண்டு, உள்ளே நிற்கிறேன்.

அவசர டெலிபோனை எடுத்தேன். மறுமுனையில் அதே வரவேற்புப் பெண்.

"பயப்படாதீங்க சார், ஆள் வரச் சொல்றோம். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஆறுன்னு சொல்லிடுங்க மாமா. நான் அப்புறம் யாருக்கும் தெரியாம இறங்கிக்கிறேன்" என்று ரகசியமாகச் சொன்னாள்.

மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு விநாடி ஆறு என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் விதியை மீறியது தெரியாது, விடுதியை விட்டுத் துரத்த மாட்டார்கள், வேலைக்கும் கெட்ட பேர் வராது. ஆனால் சட்டையைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தேன்.

"ஏழு!" என்று கத்தினேன். "எங்க குடும்பத்துல ஏழு பேரு! நல்லா எழுதிக்கோங்க, ஏழு!"

லிஃப்டுக்குள் கத்தினால் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாது. இரட்டையர் இரண்டு பேரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். சிட்டு அழவில்லை. சட்டையை விடவும் இல்லை.

விடுதியின் லிஃப்ட் ஆள் வெளியூரில் இருந்தான். மேலாளரும் வரவேற்புப் பெண்ணும் மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஏறிப் போய், அங்கிருந்த டெலிபோனில் நான் சொல்லச் சொல்லச் செய்தார்கள். மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். பிரேக் கைப்பிடியை வரவேற்புப் பெண் தளர்த்த, சக்கரத்தை அவர் பிடித்தார்.

"சார், தானா சுத்துது சார்!"

"சுத்தும்! உள்ள ஏழு பேர் இருக்கோம்ல! இழுத்துப் பிடிங்க, கொஞ்சம் கொஞ்சமா விடுங்க!"

இரண்டாவது மாடித் தரைக்கு முழங்கால் உயரத்தில் வந்து நின்றது. மேலாளர் கழுத்துப்பட்டை ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கமாக ஓடிவந்து கதவைப் பிரித்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கினார். இறக்கும்போது எண்ணினார். கடைசியில் என் கையைப் பிடித்து இறக்கி, "ஏழு. எல்லாரும் வந்தாச்சு" என்றார். பிறகு உள்ளே இருந்த தகட்டை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்கு நான் கேட்டிருப்பேன். சொல்லாமல் விட்டார் பாருங்கள், அந்தத் திமிரைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அந்த நிமிஷமே மூட்டை கட்டிவிட்டோம். ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் அந்தப் பங்கை விற்றுவிடுங்கள். விற்க முடியாவிட்டால் கடலில் போடுங்கள். ஆட்களை எண்ணி உள்ளே விடுகிற இடத்துக்கு நம் குடும்பம் இனி அடியெடுத்து வைக்காது. இது என் முடிவான முடிவு. சிட்டு நன்றாகப் படிக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். உங்கள் கேப்டனுக்கும் எஞ்சின் அறை நண்பர்களுக்கும் என் வணக்கங்களைச் சொல்லவும். காற்று அடங்கி, அலை தணிந்து, நீங்கள் சுகமாகக் கரையேற வேண்டும் என்பதே எங்கள் எல்லோருடைய பிரார்த்தனையும்.

இப்படிக்கு,
கொதிப்பு அடங்காத,
உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: அண்ணா, இது நான். தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். படிக்காமல் ஒட்டுகிறவள் இல்லை நான் என்று உங்களுக்குத் தெரியும். மூட்டை கட்டியது உண்மைதான். ஆனால் அந்த மூட்டை விடுதியிலேயே பக்கத்து வீட்டுக்குத்தான் போனது. மேலாளர் தலைமை அலுவலகத்தோடு பேசி, காலியாக இருந்த பக்கத்து வீட்டையும் எங்களுக்கே திறந்துவிட்டு, நடுக்கதவையும் திறந்து வைத்தார். வாரம் முழுக்க இருந்துவிட்டுத்தான் வந்தோம். இவர் அந்த லிஃப்டின் மணியைச் சரிபண்ணிக் கொடுத்தார். தினம் சாயங்காலம் மேலாளரோடு சதுரங்கம் ஆடித் தோற்றார். கிளம்பும்போது வாசலில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதில் பின்னால் வந்த கார்கள் ஹார்ன் அடித்தன. பங்கை விற்றுவிடாதீர்கள். அடுத்த வருஷத்துக்கு இரண்டு வீட்டையும் சேர்த்து இவரே பதிவு செய்துவிட்டார், எட்டு பேர் என்று. எட்டாவது ஆள் நீங்கள். லீவு வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. நேற்று அலமாரியில் மேல்தட்டு யாருக்கு என்று சிட்டுவுக்கும் வக்கீலுக்கும் சண்டை. நம் சிட்டு, "இது என் ரூமும்தான்!" என்று கத்தி, கதவை அறைந்து சாத்தினாள் அண்ணா. வீடே அதிர்ந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த இவர், "கேட்டியா? அறைஞ்சு சாத்தினா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் பல். பிறகு அவளுக்குத் தெரியக் கூடாது என்று, "யாரது, கதவை உடைக்கிறது?" என்று ஒரு அதட்டலும் போட்டார். கதவின் கீல் ஒன்று கழன்று தொங்குகிறது. ஊர் லிஃப்டையெல்லாம் சரிபண்ணுகிற மனுஷன், அதை மட்டும் சரிபண்ண மாட்டேன் என்கிறார்.